சுண்ணாம்புச் சுவர் காத்த வண்ணம்: ஐவர்மலையிலிருந்து சித்தன்னவாசல் வரை

பழைய சுவரோவியம் பார்க்க வேண்டும் என்று கொடைக்கானலிலோ பழனியிலோ யாராவது கேட்டால், உடனே தஞ்சாவூர், அஜந்தா என்று பெரிய பெயர்களைத்தான் சொல்கிறோம். நான் முதலில் போகச் சொல்வது ஒரு சிறிய குடைவரைக்கு. புதுக்கோட்டை மாவட்டம் சித்தன்னவாசலில், குன்றின் மேற்குச் சரிவில் பாறையைக் குடைந்து எடுத்த அறிவர் கோயில் என்னும் சமணக் கோயில். ஒரு கருவறை, அதன் முன்னால் குறுகிய அர்த்த மண்டபம், அவ்வளவுதான். ஒரு பள்ளி வகுப்பு மொத்தமாக உள்ளே நுழைந்தால் திரும்ப இடமிருக்காது. ஆனால் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முந்தைய தமிழ்நாட்டு ஓவியன் எப்படிக் கோடு இழுத்தான், எந்த மண்ணைக் கரைத்து நிறமாக்கினான் என்பதைத் தலைக்குச் சற்று மேலேயே காணலாம்.

சுவரோவியத்தை இதுவரை நின்று பார்த்திராதவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஓவியம் சொல்லும் கதையைவிட அது ஒட்டியிருக்கும் சுவரைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன். சுவர் விளங்கினால் ஓவியம் பாதி விளங்கிவிடும். எங்கே கூர்ந்து பார்க்க வேண்டும், ஏன் ஓரிடத்தில் நிறம் தங்கி இன்னோர் இடத்தில் உதிர்ந்தது, ஏன் கையால் தொடவே கூடாது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை சுண்ணாம்பில் இருக்கிறது.

முதலில் நம் மலையடிவாரம்

சித்தன்னவாசலுக்குப் புறப்படும் முன் ஐவர்மலைக்கு ஒருமுறை போய்வாருங்கள். பழனியிலிருந்து கொழுமம் செல்லும் சாலையில், பாப்பம்பட்டிக்கு அருகே, தனியாக எழுந்து நிற்கும் குன்று அது. வனவாசத்தில் பாண்டவர் ஐவரும் தங்கிய மலை என்பது ஊர் வழக்கு. குகைத்தளத்தில் இன்று திரௌபதி அம்மன் வழிபாடு நடக்கிறது. அதே பாறையின் நெற்றியில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் பதினாறு, வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றோடு, வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில் ஒரு கல்வெட்டும் உண்டு. குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர் என்பவர், ‘பார்ச்வ படாரரையும் இயக்கி அவ்வைகளையும் புதுக்கி’, அதாவது பார்சுவநாதர் என்னும் தீர்த்தங்கரரின் உருவத்தையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்து, அமுதுபடிக்கும் அடிகள் ஒருவரின் சோற்றுக்கும் ஐந்நூற்றைந்து காணம் பொன் வைத்தார் என்கிறது அது.

அந்தக் கல்வெட்டின் பெருமை அதிலுள்ள ஆண்டுக்கணக்கில் இருக்கிறது. சக ஆண்டு 792 என்றும், வரகுண பாண்டியனுக்கு எட்டாம் ஆட்சியாண்டு என்றும் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறது. சக ஆண்டுக் கணக்கு கி.பி. 78இல் தொடங்குவது, ஆகவே 792 உடன் 78 கூட்டினால் கி.பி. 870. அதிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் இரண்டாம் வரகுணன் முடிசூடியது 862 வாக்கில் என்று வரலாற்றாசிரியர்கள் முடிவு செய்தார்கள். முற்காலப் பாண்டியர் வரலாற்றில் ஆண்டு தெளிவாகத் தெரியும் இடங்கள் மிகக் குறைவு. அவற்றுள் ஒன்று நம் பழனி மலைகளின் காலடியில் இருக்கிறது என்பதை இங்குள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தருவதே இல்லை. எனக்கு அது பெரிய மனக்குறை.

இந்த வரகுணனின் தந்தை ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன். அவர் காலத்தில்தான் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்ற சமணப் பெரியவர் சித்தன்னவாசலில் அர்த்த மண்டபத்தைச் செப்பனிட்டு, முன்னால் முகமண்டபமும் எடுத்தார் என்று அங்குள்ள கல்வெட்டுப் பாடல் தெரிவிக்கிறது. ஆக, தந்தை காலத்தில் அங்கே ஒரு புதுப்பிப்பு, மகன் காலத்தில் இங்கே ஒரு புதுப்பிப்பு. ஒரே அரச மரபு, ஒரே சமயம், ஏறக்குறைய ஒரே தலைமுறை. ஐவர்மலையில் அந்தக் காலத்தின் உளி வேலையைப் பார்க்கிறோம். அதே காலத்தின் தூரிகை வேலையைப் பார்க்கச் சித்தன்னவாசலுக்குப் போக வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவருக்கு ஒன்பதாம் நூற்றாண்டு வெறும் எண்ணாக இருக்காது.

சுண்ணாம்பு என்ன செய்கிறது

பாறையின் மேல் நேரடியாக வண்ணம் பூசினால் நிற்காது. கருங்கல் நீரை உறிஞ்சாது, வண்ணத்தைப் பிடித்துக்கொள்ள அதில் துளைகளும் இல்லை. அதனால் முதலில் உளியால் கொத்திச் சொரசொரப்பாக்குவார்கள். அதன்மேல் சுண்ணாம்பும் மணலும் கலந்த காரையைப் பூசுவார்கள். அதற்கும் மேலே மிக மெல்லிய வெண்சுண்ணாம்புப் பூச்சு. அந்தக் கடைசிப் பூச்சுதான் ஓவியனின் தாள்.

சிமென்ட் வந்த பிறகு சுண்ணாம்பின் குணத்தை நாம் மறந்துவிட்டோம். மலையூர்களில் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் மூத்த கொத்தனார்கள் சிலரிடம் அந்த அறிவு இன்னும் இருக்கிறது. பண்ணைக்காட்டில் அப்படி ஒருவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சுட்ட சுண்ணாம்புக் கற்களைத் தொட்டியில் போட்டு நீர் ஊற்றினார். சில நொடிகள் ஒன்றுமில்லை. பிறகு கல் வெடித்தது, நீர் தானாகவே கொதித்தது, ஆவி எழுந்தது. அடுப்பும் இல்லை, நெருப்பும் இல்லை. அடங்கிய பின் வெண்ணெய் போன்ற வெள்ளைக் குழைவு கிடைத்தது. அதைப் பல நாள் மூடி ஊறவைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்த்துக் காரையாக்கி, சுவரில் பூசி, வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்துக்கொண்டே சொன்னார்: “ஈரம் இருக்கும்போதே தேய்த்துவிட வேண்டும் தம்பி. காய்ந்த பிறகு எதைப் பூசினாலும் மேலேதான் நிற்கும், உள்ளே போகாது.”

சுவரோவியத்தின் வேதியியல் முழுவதும் அவர் சொன்னதில் அடங்கியிருக்கிறது. சுண்ணாம்புக் கல் என்பது கால்சியம் கார்பனேட். சூளையில் சுமார் 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடும்போது அதிலிருந்து கரியமில வாயு வெளியேறுகிறது. மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. நீர் சேர்ந்ததும் அது நீற்றுச் சுண்ணாம்பாக, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடாக மாறுகிறது. சுவரில் பூசிய பிறகு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உள்வாங்கி, மறுபடியும் கால்சியம் கார்பனேட் ஆகிவிடுகிறது. கல்லாக இருந்தது, குழைந்து, சுவரில் ஏறி, மீண்டும் கல்லாகிறது.

பூச்சு ஈரமாக இருக்கும்போதே, நீரில் கரைத்த நிறமண்ணைத் தூரிகையால் தொட்டு வரைந்தால், நிறத்துகள்கள் அந்தக் கல்லாகும் வேலைக்குள் அகப்பட்டுக்கொள்கின்றன. மேற்பரப்பில் உருவாகும் கார்பனேட் படிகங்கள் அவற்றைப் பூட்டிவிடுகின்றன. பசை எதுவும் தேவையில்லை. இது ஈரச்சுவர் முறை. பழைய வீடுகளில் காவி போட்ட சிவப்புத் தரையைப் பார்த்திருப்பீர்கள். மேல்பூச்சு காயும் முன்பே காவியைச் சேர்த்து இழைத்ததால் தலைமுறைக்கும் நிறம் போகாமல் இருக்கிறது. அதே கதைதான் இங்கும். கஷ்டம் என்னவென்றால் நேரம். பூச்சு இறுகிவிட்டால் வாய்ப்புப் போய்விட்டது. ஆகவே ஓவியன் அன்றைக்கு முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் சுவரைப் பூசச் சொல்லி, சில மணி நேரத்தில் வரைந்து முடிக்க வேண்டும். தவறினால் அழித்துத் திருத்த இயலாது, பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு மீண்டும் பூசத்தான் வேண்டும்.

இன்னொன்று உலர்சுவர் முறை. காய்ந்த பூச்சின் மேல், நிறமண்ணோடு பிசினையோ சுண்ணாம்பு நீரையோ சேர்த்து வரைவது. நிதானமாக வரையலாம், திருத்தலாம். ஆனால் நிறம் சுவருக்குள் அவ்வளவு ஆழமாக இறங்காது. காலப்போக்கில் செதில் செதிலாக எழும்பும்.

1930களில் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் தென்னாட்டு ஓவியங்களின் பூச்சையும் நிறங்களையும் ஆய்வகத்தில் சோதித்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்கள் ஈரச்சுவர் முறையில் வரையப்பட்டவை, சித்தன்னவாசல் ஓவியங்கள் சுண்ணாம்பை ஊடகமாகக் கொண்ட உலர்சுவர் முறையில் வரையப்பட்டவை என்பது அவருடைய முடிவு. கலை வரலாற்றில் அரசர்கள் பெயரும் அறிஞர்கள் பெயரும்தான் அடிபடுகின்றன. காரைத் துணுக்கை வைத்துக்கொண்டு உண்மையைக் கண்டறிந்த இந்த வேதியியலாளரின் பெயரையும் நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

நிறங்கள்

‘மூலிகைச் சாற்றால் தீட்டிய ஓவியம்’ என்று சுற்றுலாப் பேச்சில் அடிக்கடி கேட்பீர்கள். அழகான பேச்சு, ஆனால் சுண்ணாம்புச் சுவருக்குப் பொருந்தாது. ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் என்ன ஆகிறது? மஞ்சள் மறைந்து சிவப்பாகிவிடுகிறது. சுண்ணாம்பின் காரம் தாவர நிறங்களை அப்படித்தான் மாற்றும், பிறகு வெயிலும் காற்றும் மிச்சத்தை வெளுக்கச் செய்யும். காரத்தைத் தாங்குவது மண்ணும் கல்லும்தான். சிவப்புக்குக் காவிக்கல். மஞ்சளுக்கு மஞ்சள் காவி. பச்சைக்குப் பச்சை மண். கறுப்புக்குக் கரியும் புகைக்கரியும். வெள்ளைக்குச் சுண்ணாம்பே. இவற்றை அம்மியில் மைபோல அரைத்து, நீரில் கலக்கி, கசடு இறங்கவிட்டு, மேலே மிதக்கும் நுண்துகளை மட்டும் எடுப்பார்கள். பழைய சுவரோவியங்களில் நீலம் குறைவாகவே தென்படுவதற்குக் காரணம் உண்டு. காரத்தைத் தாங்கும் நல்ல நீலம் எளிதில் கிடைக்காது. அதற்குப் பேர்பெற்ற லாபிஸ் லாசுலி என்னும் நீலக்கல் ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் மலைகளிலிருந்து வர வேண்டும்.

இவ்வளவு குறைந்த நிறங்களை வைத்துக்கொண்டா இப்படி வரைந்தார்கள் என்ற வியப்போடு உள்ளே நுழையுங்கள்.

உள்ளே நுழைந்ததும்

வெளிச்சத்திலிருந்து நேராக உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. மங்கலான பச்சைத் திட்டுகள் மட்டும் தெரியும், ‘இதற்கா வந்தோம்’ என்று தோன்றும். பெரும்பாலானவர்கள் அந்த நிமிடத்திலேயே வெளியே வந்துவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். ஐந்து நிமிடம் பேசாமல் நின்றால் கண் இருட்டுக்குப் பழகும். முதலில் சிற்பங்களைப் பாருங்கள். தென்சுவரின் மாடத்தில் ஐந்தலை நாகம் குடை பிடிக்க அமர்ந்திருப்பவர் பார்சுவநாதர். எதிர்மாடத்தில் ஒரு குடையின் கீழ் ஓர் ஆசாரியர். முக்குடை இருந்தால் தீர்த்தங்கரர், ஒரு குடை என்றால் ஆசாரியர் என்று அடையாளம் கொள்ளுங்கள்.

பிறகு அண்ணாந்து பாருங்கள். அர்த்த மண்டபத்தின் விதானம், அதாவது கூரையின் உட்புறம், முழுவதும் ஒரு தாமரைக் குளம். முதலில் இலைகள் பிடிபடும். பெரிய வட்ட இலைகள், சில விரிந்தும் சில ஓரம் மடங்கியும். அவற்றின் நடுவே மொட்டு, பாதி விரிந்த பூ, முழுதாக விரிந்த பூ. கொஞ்ச நேரத்தில் தண்டுகளுக்கிடையே மீன் தெரியும். பிறகு யானைகள், எருமை, நீர்ப்பறவைகள். கடைசியாகத்தான் மனிதர்கள் கண்ணில் படுவார்கள். குளத்துக்குள் இறங்கி மூவர் பூப் பறிக்கிறார்கள். ஒருவர் கையில் பூக்குடலை தொங்குகிறது. அரையில் சிற்றாடை மட்டும்தான், ஆனால் அந்த முகங்களில் ஓர் அமைதியும் கவனமும் இருக்கின்றன. ஒவ்வொரு தாமரையும் வேறு மாதிரி. வார்ப்பு வைத்து அச்சடித்ததுபோல் ஒன்றுகூட இல்லை. இந்த ஓவியன் குளத்தில் இறங்கி நின்றவன் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இது வெறும் இயற்கைக் காட்சி என்று நினைத்துவிடக் கூடாது. தீர்த்தங்கரர் அறமுரைக்கும் சமவசரணம் என்னும் பெருமண்டபத்தைச் சுற்றிப் பல நிலங்கள் உண்டு என்பது சமண நூல்களின் கருத்து. அவற்றுள் ஒன்று தாமரைத் தடாகம். அறவுரை கேட்கச் செல்லும் பவ்வியர்கள், அதாவது வீடுபேற்றுக்கு உரிய நல்லோர், வழியில் அதில் இறங்கிப் பூப் பறிப்பார்கள். அந்தக் காட்சியே இது என்று ஆய்வாளர்கள் விளக்கியிருக்கிறார்கள். அப்படியென்றால் கருவறைக்குள் இருக்கும் தீர்த்தங்கரரை வணங்கப் போகும் நாமும் அந்தத் தடாகத்தைக் கடந்துதான் போகிறோம். விதானத்தில் வரைந்ததற்குப் பொருள் இப்போது புரியும்.

முன்தூண்களின் மேற்பகுதியில் இரண்டு ஆடல் மகளிர். ஒருத்தியின் இடக்கை யானைத் துதிக்கைபோல் குறுக்கே வீசியிருக்கிறது. கோடுகள் பெரிதும் மங்கிவிட்டன. ஆயினும் இடுப்பின் வளைவிலும் விரல் நுனியிலும் தாளம் தெரிகிறது. ஒரு தூணில் மகுடம் தரித்த அரசனும் அரசியும். இந்த அரசனை முதலில் மகேந்திரவர்ம பல்லவன் என்று கருதினார்கள். 1920 வாக்கில் பிரெஞ்சு ஆய்வாளர் ஜுவோ துப்ரேயும் தொல்லியல் அறிஞர் டி. ஏ. கோபிநாத ராவும் இந்த ஓவியங்களை உலகறியச் செய்தபோது, ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் படைப்பு என்றே எண்ணப்பட்டது. இளங்கௌதமன் கல்வெட்டு படிக்கப்பட்ட பிறகு, ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலம் என்ற கருத்து வலுப்பெற்றது. அரசனும் ஸ்ரீமாறன் என்றே பலரும் இப்போது கொள்கிறார்கள்.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். ஓவியங்கள் எங்கெங்கே மிஞ்சியிருக்கின்றன? விதானத்தில், உத்தரத்தில், தூண்களின் மேற்பாதியில். கை எட்டும் உயரத்தில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. பல நூற்றாண்டுகளாக உள்ளே வந்தவர்களின் முதுகும் தோளும் விரலும் உரசி உரசி அழிந்ததில் பெரும்பகுதி போயிருக்கிறது. விரலில் எப்போதும் கொஞ்சம் எண்ணெயும் வியர்வை உப்பும் இருக்கும். உலர்சுவர் முறையில் மேலோட்டமாக ஒட்டியிருக்கும் நிறத்துக்கு அதுவே போதும். ‘ஒருமுறை தடவினால் என்ன ஆகிவிடும்’ என்பவரிடம் அந்தத் தூண்களின் கீழ்ப்பாதியைக் காட்டினால் போதும்.

உப்பும் ஈரமும்

மற்ற எதிரியை மலைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து தை பிறக்கும்போது தாண்டிக்குடியிலும் பெருமாள்மலையிலும் பழைய வீடுகளின் சுவர் உப்புப் பூத்து நிற்பதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். சுவருக்குள் இறங்கிய நீர் உள்ளேயுள்ள உப்புகளைக் கரைக்கிறது. வெயில் வந்ததும் நீர் வெளிப்பரப்புக்கு வந்து ஆவியாகிறது, உப்பு மட்டும் படிகமாகத் தங்கிவிடுகிறது. படிகம் வளர இடம் வேண்டுமல்லவா, அது மேல்பூச்சைத் தள்ளிக்கொண்டு வளர்கிறது. சுவர் பொரிந்து காரை பெயர்கிறது. நம் வீட்டில் என்றால் சுரண்டிவிட்டு வெள்ளை அடித்துவிடலாம். ஓவியம் இருந்த சுவரில் பெயர்ந்து விழுவது ஓவியமே. அதனால்தான் பாதுகாப்பு வேலை எப்போதும் கூரைக் கசிவை அடைப்பதிலிருந்தும், நீர் போகும் வழியை ஒழுங்குபடுத்துவதிலிருந்தும் தொடங்குகிறது.

விளக்குப் புகை, வௌவால் எச்சம், பாசி ஆகியவையும் கெடுக்கும். எல்லாவற்றையும்விட எனக்கு வேதனை தருவது நல்லெண்ணத்தோடு செய்யும் அழிவு. திருப்பணி என்ற பெயரில் பழைய ஓவியத்தின் மேல் வெள்ளை அடித்த கோயில்கள், பளபளக்கும் பெயின்ட் பூசிய கோயில்கள் நம் மாநிலத்தில் எத்தனையோ. விதிவிலக்காக, மேல்பூச்சு காப்பாற்றிய இடமும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறைச் சுற்றுப்பாதையில் நாயக்கர் காலத்தில் பழைய ஓவியத்தின் மேல் புதிதாகப் பூசி வரைந்துவிட்டார்கள். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி, மேற்பூச்சு உதிர்ந்த இடத்தில் அடியிலிருந்த சோழர் ஓவியத்தைக் கண்டார். பின்னாளில் தொல்லியல் துறையினர் நாயக்கர் ஓவியத்தையும் சிதைக்காமல் தனியாகப் பெயர்த்தெடுத்து, அடியிலிருந்த சோழர் ஓவியத்தை வெளிப்படுத்தினார்கள்.

போய்வர

பழனியிலிருந்து திண்டுக்கல், மணப்பாறை, விராலிமலை, இலுப்பூர், அன்னவாசல் வழியாகப் போவது வசதி. பஸ்ஸில் போகிறவர்கள் திருச்சி வழியாகப் புதுக்கோட்டை சென்று அங்கிருந்து அன்னவாசல் பக்கம் செல்லும் பஸ்ஸைப் பிடிக்கலாம், சுமார் 16 கிலோமீட்டர். குளிரில் பழகிய உடம்புக்குப் புதுக்கோட்டை வெயில் கடுமையாக இருக்கும். மார்கழி, தை மாதங்களில் போனால் தப்பிக்கலாம்.

காலையில் குன்றின் கிழக்குப் பக்கத்திலுள்ள ஏழடிப்பட்டம் என்னும் குகைத்தளத்துக்கு ஏறிவிடுங்கள். சமணத் துறவியர் படுத்த வழவழப்பான கற்படுக்கைகளும் தமிழி எனப்படும் தமிழ் பிராமி எழுத்துக் கல்வெட்டும் அங்கே உள்ளன. அவை ஓவியங்களைவிடப் பல நூற்றாண்டு மூத்தவை. பாறை சுடும் முன் இறங்கிவிட வேண்டும். அறிவர் கோயில் மேற்குப் பார்த்தது, ஆகவே அதற்குப் பிற்பகலை ஒதுக்குங்கள். சாயும் வெயில் முன்பக்கத்தில் விழும்போது உள்ளே விதானமும் சற்று வெளிச்சம் பெறும். கழுத்து வலிக்காமல் பார்க்க ஒரு சிறிய கைக்கண்ணாடியை இடுப்பளவில் பிடித்துக்கொண்டு அதில் விதானத்தைப் பாருங்கள். வெயிலை அதில் வாங்கி ஓவியத்தின் மேல் அடிக்க மட்டும் வேண்டாம். கேமரா ஃபிளாஷும் கூடாது. படம் எடுக்கலாமா என்று அங்குள்ள காவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முதுகுப்பையைக் கழற்றி முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், திரும்பும்போது தூணில் உரசாமல் இருக்கும். கூட்டமாகப் போனால் நாலைந்து பேராக உள்ளே போங்கள். மூச்சின் ஈரமும் சூடும் அந்தச் சிறிய இடத்தில் தேங்கும். கருவறைக்குள் நின்று மெல்ல ஓங்காரம்போல் ஒலி எழுப்பினால் அறை முழுவதும் அதிரும், அதற்கும் மெல்லிய குரலே போதும்.

அங்கே பார்த்த தாமரைக் குளம் மனத்தில் தங்கிவிட்டால், அடுத்த பயணத்தை ஆம்பூர் பக்கம் மலையம்பட்டில் உள்ள ஆர்மாமலைக் குகைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் சமணர் இடம், அங்கும் விதானத்தில் தாமரைத் தடாகத்தின் எச்சங்கள் இருக்கின்றன. மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். ஆனால் சித்தன்னவாசலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தத் துண்டுகளிலிருந்தே இலை எது, தண்டு எது என்று பிரித்துப் பார்க்க வரும்.